காற்றைச் சொல்கிறவர்

ஆனி, ஆடி மாதங்களில் தூத்துக்குடிப் பக்கம் மரம் வெட்டுகிறவர்கள் விடிந்ததும் முதலில் பார்ப்பது மரத்தை அல்ல, துணியை. முத்தையாபுரத்தில் எங்கள் வீட்டு வாசலில் நின்றால் எதிர்வீட்டு மாடிக் கொடியில் ஏதாவது ஒரு லுங்கி கிடக்கும். அது சும்மா தொங்கினால் கிளம்பலாம். கீழ்முனை கிழக்கே தூக்கினால் யோசிக்க வேண்டும். கொடியோடு படுத்துப் பறந்தால் அன்றைக்கு வீட்டில்தான். மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று காலையில் ஒருதரம் தூக்கிவிட்டால் பொழுது சாயும்வரை ஓயாது. இங்கே மரங்கள் எல்லாம் கிழக்கே சாய்ந்து வளர்ந்திருப்பது அதனால்தான். வெளியூர்க்காரர்கள் அதைப் போட்டோ எடுக்கிறார்கள். எனக்கு ஒரு மரத்தைப் பார்த்ததும் எந்தக் கிளை யார் வீட்டு ஓட்டின்மேல் விழும் என்றுதான் தோன்றும்.

எங்கள் குழுவில் மூன்று பேர். அப்பா ஏறுவார். பெரியதாழையிலிருந்து வந்த ஒரு மாமா கீழே நின்று கயிறு பிடிப்பார். உறவு கிடையாது, வயதுக்காக மாமா. பல வருஷம் படகில் இருந்தவர். மூன்றாவது நான். நாசரேத்தில் தங்கித் தாவரவியல் படித்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிய முதல் ஆள். படித்துவிட்டு மரம் வெட்டப் போகிறாளே என்று தெருவில் கேட்டார்கள். மரத்துக்கு வைத்தியம் பார்க்கப் போகிறேன் என்று சொல்வேன். சிரிப்பார்கள். நான் சிரிக்க மாட்டேன். எந்தக் கிளையை எங்கே அறுத்தால் தழும்பு மூடும், எங்கே அறுத்தால் உளுத்துப் போகும் என்று எனக்குத் தெரியும். அந்தப் பெருமையை மறைத்துக்கொள்ளவும் எனக்குத் தெரியாது.

சாமான்கள் விஷயத்தில் மூன்று பேருக்கும் ஒத்துப்போனதே இல்லை. அப்பாவுக்குக் கைரம்பம்தான் ரம்பம். நான் வாங்கிய பேட்டரி ரம்பத்தை அவர் பெரிய செல்போன் என்பார். ஒரு கையால் கிளையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பெட்ரோல் மெஷினின் கயிற்றை இழுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் பேட்டரியின் அருமை புரியும் என்று நான் சொல்வேன். மாமாவுக்குப் பெட்ரோல் மெஷின் பிடிக்கும். சத்தம் போடாத எஞ்சினை நம்பக் கூடாது, அது எப்போது நின்றது என்றே தெரியாது என்பார். படகுக்காரர் கணக்கு அது. ஒன்றில் மட்டும் மூவரும் ஒரே கட்சி: உப்புக்காற்றில் செயின் ஒரே ராத்திரியில் துருப்பிடிக்கும், அதனால் துடைத்து ஆயில் போடாமல் யாரும் சாப்பிட உட்காரக் கூடாது.

பெரிய சண்டை கயிற்றில்தான். மாமா விசைப்படகில் கழித்துப்போட்ட பச்சைக் கயிறு வைத்திருந்தார். எத்தனை டன் மீனைத் தூக்கின கயிறு தெரியுமா என்பார். நான் மரம் ஏறுவதற்கென்றே செய்த வெள்ளைக் கயிறும் இடுப்பு பெல்ட்டும் கொக்கிகளும் வரவழைத்தேன். மாமா அந்தக் கயிற்றைத் தொட்டுப் பார்த்து, பூச்சூடுகிற நூல் மாதிரி இருக்கிறதே என்றார். பெல்ட்டை அப்பா போட்டுக்கொண்டார். கயிறு பைக்குள்ளேயே கிடந்தது.

எங்கள் தொழிலில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. ஏறுகிறவர்தான் காற்றைச் சொல்ல வேண்டும். ‘காத்து சரி’ என்றால் வேலை. ‘காத்து வேண்டாம்’ என்றால் சாமான்களைக் கட்டிவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். கீழே நிற்பவர், மரத்துக்குச் சொந்தக்காரர், யாரும் வாய் திறக்கக் கூடாது. உயிர் அவருடையது, அதனால் பேச்சும் அவருடையது. போன் எடுப்பது, போய்ப் பார்த்து எந்தக் கிளை என்று முடிவு செய்வது எல்லாம் நான்தான். காற்றைச் சொல்வது மட்டும் அப்பா. சின்ன மரங்களில் என்னை ஏற விடுவார். அப்போதும் கீழே நின்று அண்ணாந்து பார்த்து அவரேதான் ‘காத்து சரி’ என்பார். அந்த இரண்டு வார்த்தை எனக்கு ஒவ்வொரு தடவையும் சுருக்கென்று குத்தும்.

கடற்கரைப் பக்கத் தெரு ஒன்றில் ஒரு வேம்பு. வீட்டுக்காரருக்குக் கப்பலில் வேலை, அவருடைய அம்மாதான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர். முற்றத்தில் சிமெண்டில் குகை மாதிரி கட்டிய கெபி, உள்ளே கண்ணாடிப் பெட்டியில் மாதா. வேம்பின் பெரிய கிளை ஒன்று கெபிக்கு நேர் மேலே நீண்டிருந்தது. அடியில் ஒரு பொந்து வேறு. கிளையைத் துண்டு துண்டாக அறுத்துக் கயிற்றில் இறக்க வேண்டும். அன்று சாயங்காலம் தெருச்சனம் அங்கே செபமாலை சொல்ல வருவதால் அதற்குள் முடித்தாக வேண்டும் என்று அந்த அம்மா சொல்லியிருந்தார்.

காலையில் எங்கள் குட்டியானை வண்டியில் போகும்போது அப்பா பெல்ட்டை என் மடியில் போட்டார். கொஞ்ச நாளாகவே அவருக்கு வலது கை தோளுக்கு மேலே தூக்க முடியவில்லை. சொல்லவில்லை. சட்டை போடும் விதத்தில் எனக்குத் தெரிந்திருந்தது.

“நீ ஏறு” என்றார்.

பெரிய மரம். அடக்க முடியாத சந்தோஷத்தில் இறங்கியதும் பெல்ட்டை மாட்டிக்கொண்டு வேம்பின் உச்சியைப் பார்த்தேன். இலைகள் லேசாகப் புரண்டன. நான் வாய் திறப்பதற்குள் அப்பா சொல்லிவிட்டார். “காத்து சரி.”

மரத்தைக் கொடுத்தார், காற்றைக் கொடுக்கவில்லை. அந்தக் கோபத்தோடேயே ஏறினேன்.

முதலில் நுனிக் கிளைகள். நான் அறுக்க அறுக்க, மேலே ஒரு கவட்டையின் வழியாகப் போன பச்சைக் கயிறு அவற்றைத் தாங்கி இறக்கியது. அடிமரத்தில் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, மாமா கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். மரப்பட்டையில் உரசி உரசிக் கயிறு சூடானது. பிளாஸ்டிக் கருகுகிற வாடை எனக்கே மேலே வந்தது. படகில் கயிறு புகைந்தால் என்ன செய்வார்களோ அதை மாமா செய்தார். வீட்டுக் குசினியிலிருந்து ஒரு வாளித் தண்ணீர் வாங்கி, சுற்றியிருந்த இடத்தில் ஊற்றினார். நான் மேலே இருக்கிறேன், கயிறு அறுந்துவிடக் கூடாது என்ற அக்கறையில்தான். நான் அடுத்த துண்டை அறுப்பதிலேயே கண்ணாக இருந்தேன், அதைப் பார்க்கவில்லை.

அந்தத் துண்டு பெரியது. அறுந்ததும் ஒரு நொடி நின்றது. பிறகு ஈரக் கயிறு வழுக்கிக்கொண்டு ஓடியது. மாமா பின்னால் சாய்ந்து உட்கார்ந்தே விட்டார். அப்பா ஓடி வந்து இடது கையால் கயிற்றை எட்டிப் பிடித்தார். கிளை கெபிக்குப் பக்கவாட்டில் போய் ஆடி நின்றது. இலைகள் கண்ணாடியை ஒரு தடவை தடவின. மெழுகுவர்த்தித் தாங்கி மட்டும் கவிழ்ந்தது.

மாமா உள்ளங்கையை விரித்துப் பார்த்தார், தோல் உரிந்திருந்தது. தண்ணி ஊத்துனது நான்தான் என்று மெதுவாகச் சொன்னார். என் வாயில் நிறைய வார்த்தைகள் வந்தன. அவர் கையைப் பார்த்தேன். பையில் இருக்கிற வெள்ளைக் கயிற்றை எடுத்து அனுப்புங்கள் என்று மட்டும் கேட்டேன். அனுப்பினார்.

மீதி இருந்தது தடித்த நடுத்துண்டு. அதுதான் கெபிக்கு நேர் மேலே இருப்பது. வெள்ளைக் கயிற்றைக் கட்டிவிட்டு, கிளை கிழியாமல் இருக்க முதலில் அடிவெட்டுப் போட்டேன். மேல்வெட்டுக்கு ரம்பத்தை எடுத்து வைத்தபோது பேட்டரி நின்றது. இன்னொரு பேட்டரி வண்டியில் சார்ஜ் இல்லாமல் கிடந்தது. கீழேயிருந்து அப்பா கைரம்பத்தைக் கயிற்றில் கட்டி அனுப்பினார். முகத்தில் ஒரு சின்னத் திருப்தி இருந்தது, அதையும் பார்த்தேன்.

கைரம்பத்தால் அந்தக் கனத்தை அறுக்க நேரம் பிடிக்கும். நாலைந்து இழுப்பு இழுத்திருப்பேன். மரம் முழுக்க ஒரு தரம் கிழக்கே போய்த் திரும்பியது. துறைமுகத்துப் பக்கம் புழுதி எழும்பியிருந்தது. பக்கத்து மாடியில் ஒரு புடவை கொடியோடு படுத்துக் கிடந்தது. இன்னொரு வீச்சு. என் காலடியில் கிளை முனகியது.

அப்பா கையைக் காட்டினார். “சீக்கிரம் அறுத்துரு. காத்து கூடுததுக்குள்ள முடிச்சிரலாம்.”

கை பரபரத்தது. முடித்துவிட வேண்டும் என்று உடம்பு முழுக்கச் சொன்னது. பெரிய மரம், முதல் நாள், கீழே வீட்டுக்காரர்கள். ஆனால் பாதி அறுந்த கிளை காற்றில் கெபிப் பக்கம் திரும்பினால் எந்தக் கயிறும் அதை நேராக இறக்காது.

“எப்பா, காத்து வேண்டாம்” என்றேன். “நாளைக்குக் காலையில.”

“அடிவெட்டு போட்டுட்டு விடக் கூடாதுளா. ராத்திரிக்குக் கிழிஞ்சிரும்.”

“நான் கட்டிப் போடுதேன்.”

அப்பா மறுபடி கையைக் காட்டினார். மாமாதான் பேசினார். “ஏறுனவ சொல்லிட்டா. போட்ட நடத்துத தண்டல் சொன்னா சொன்னதுதான், விடுங்க.”

இரண்டு கயிற்றாலும் கிளையைத் தாய்மரத்தோடு இழுத்துக் கட்டினேன். என்னுடையதும் மாமாவுடையதும், பச்சையும் வெள்ளையும். கீழே வரும் பச்சைக் கயிற்றில், அடிமரத்துக் கணு ஒன்றுக்கு நேராக ஒரு சிவப்புத் துணியை முடிந்தேன். கிளை கொஞ்சம் தாழ்ந்தாலும் துணி கணுவை விட்டு நகரும். பிறகு இறங்கினேன்.

வீட்டுக்கார அம்மா வாசலில் நின்றார். “படிச்ச பிள்ளன்னு சொன்னாவ. பாதி வேலையிலயே பஸ் ஏறுத பிள்ளன்னு சொல்லலியே.”

பஸ் ஏறவில்லை. அங்கேயே நின்றேன். சாப்பிடச் சொன்னார்கள், முடியவில்லை. மரத்தைச் சுற்றி வந்தேன். துணியைப் பார்த்தேன். தெருமுனை வரை போனேன், திரும்பி வந்து துணியைப் பார்த்தேன். ஒவ்வொரு வீச்சுக்கும் கயிறு கிறீச்சிட்டது. கட்டு போதுமா, இன்னொரு முடிச்சுப் போட்டிருக்கலாமோ, அறுத்தே முடித்திருக்கலாமோ. ஒரு நிமிஷம் அப்பா சொன்னது சரி என்று தோன்றும், அடுத்த நிமிஷம் நான் சொன்னது. அப்பா குட்டியானைக்குள் உட்கார்ந்து ரம்பச் செயினைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

சாயங்காலம் தெருச்சனம் வந்தது. செபமாலையைக் கெபிக்கு முன்னால் வேண்டாம், வீட்டு முன்கூடத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்று நானே போய்ச் சொன்னேன். மாதாவை விட்டுட்டு மாதாவைக் கும்பிடச் சொல்லுதா என்று யாரோ கேட்டார்கள். எல்லோரும் மரத்தை அண்ணாந்து பார்த்தபடி கூடத்துக்குள் போனார்கள். அவர்கள் உருட்டும் ஒவ்வொரு செபமாலை மணிக்கும் என் கண் சிவப்புத் துணியில்தான். காற்று அடங்கியபோது துணி கணுவிலிருந்து பெருவிரல் அகலம் நகர்ந்திருந்தது. கயிறு நீண்டதா, கிளை தாழ்ந்ததா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அப்படியே வீட்டுக்குப் போனோம்.

மறுநாள் வெளிச்சம் வரும்போதே அங்கே இருந்தோம். துணி அதே இடத்தில் நின்றது. வேம்பில் ஒரு இலை அசையவில்லை. பெல்ட்டை மாட்டிக்கொண்டு அப்பாவைப் பார்த்தேன். அவர் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தேன். அவர் மரத்தின் உச்சியை அண்ணாந்து பார்க்கவே இல்லை.

“காத்து சரி” என்றேன். குரல் தேவைக்கு மேலே பலமாக வந்துவிட்டது. மாமா சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

மாமா உள்ளங்கையில் துணி சுற்றியிருந்தார். வெள்ளைக் கயிற்றை மரத்தில் மூன்று சுற்றுச் சுற்றி அவரே பிடித்தார், வாளி பக்கத்தில் இல்லை. ராத்திரி சார்ஜ் போட்ட பேட்டரி ரம்பம் கடைசிவரை ஓடியது. துண்டு மெல்லச் சுழன்று கெபிக்கு முன்னால் வந்து உட்கார்ந்தது. கண்ணாடிக்குள் மாதா அப்படியே இருந்தார். வீட்டுக்கார அம்மா காப்பி கொண்டுவந்து கொடுத்தார்.

இறங்கியதும் துண்டின் அறுபட்ட முகத்தைப் பார்த்தோம். என் அடிவெட்டிலிருந்து ஒரு விரிசல் உள்ளே ஒரு சாண் ஓடியிருந்தது. புது விரிசல். அப்பா அதற்குள் நகத்தை விட்டுப் பார்த்தார். நேற்று அறுத்திருந்தாலும் கிழிந்திருக்கும், விட்டதிலும் கிழிந்திருக்கிறது என்றார்.

திரும்பும் வழியில் அவர் போன் அடித்தது. எங்கள் வண்டியில் எழுதியிருப்பது அவர் நம்பர்தான், ஆனால் எப்போதும் அதை எடுத்துப் பேசுவது நான். அன்று அவரே எடுத்தார். ஒரு தூங்குமூஞ்சி மரம், மின்கம்பிப் பக்கம் சாய்ந்திருக்கிறதாம், நாளைக்கே வர முடியுமா, காற்று ஒத்துவருமா என்று எதிர்முனையில் கேட்பது எனக்கும் கேட்டது. அப்பா போனை என்னிடம் நீட்டினார்.

“காத்து எப்படியிருக்கும்னு கேக்காவ. நீயே சொல்லு.”

ஓடுகிற வண்டியின் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். ஒரு மாடியில்கூடத் துணி காயவில்லை.

“காலையில பாத்துட்டுச் சொல்லுதேன்” என்றேன்.