தோர்த்து விரித்த கிட்டார்

விலை கூடின கிட்டார்தான் நன்றாகப் பாடுமா என்று போன வாரம் என் மகள் கேட்டாள். நான்காம் வகுப்பில் படித்தபோது இதே கேள்விக்கு நான் ஒரு பதில் சொல்லியிருக்கிறேன். கைதட்டல்கூடக் கிடைத்தது. பிள்ளைகளே, அந்தக் கைதட்டலை நினைத்தால் இன்றும் எனக்குத் தலை குனிகிறது.

அப்பாவுக்குச் சாலைக் கடைவீதியில் இரும்புக்கடை. பெரிய கம்பெனிப் பூட்டுதான் வேண்டும் என்று யாராவது பிடிவாதம் பிடித்தால் அப்பா தர்க்கம் பண்ணமாட்டார். இரண்டு பூட்டுகளை எடுத்து, சாவித் துவாரம் மட்டும் தெரிகிற மாதிரி பேப்பரில் சுற்றிக் கொடுப்பார். "திறந்து பாரும். எது உம்ம கம்பெனின்னு சொல்லும்" என்பார். பாதிப் பேர் தப்பாகச் சொல்லிவிட்டு, சிரித்துக்கொண்டே விலை குறைந்ததை வாங்கிப் போவார்கள். அதனால் அப்பாவுக்குக் கடைவீதியில் நல்ல பெயர்.

மாமா, அதாவது அம்மாவின் தம்பி, கானமேளா குழு ஒன்றில் எலெக்ட்ரிக் கிட்டார் வாசித்தார். கோவில் உற்சவங்களில் மேடை போட்டுச் சினிமாப் பாட்டுப் பாடுவார்களே, அதுதான் கானமேளா. அவருடைய சிவப்புக் கிட்டார் விலை குறைந்தது. மேடை விளக்கின் சூட்டில் நாலு பாட்டு கழிந்தால் சுதி இறங்கிவிடும். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் மாமா அதன் காதைத் திருகிக்கொண்டே நிற்பார். குழுத் தலைவர் கடைசியில் கறாராகச் சொல்லிவிட்டார். நல்ல கிட்டார் கொண்டுவந்தால் இந்த சீசனில் மேடை, இல்லையென்றால் அந்த இடத்தில் வேறு பையன். மாமா அம்மாவிடம் சொன்னார். அம்மா அப்பாவிடம் சொன்னாள். என் மாமாவுக்குப் புதுக் கிட்டார் வரப்போகிறது என்று நான் வகுப்பு முழுக்கச் சொன்னேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டுக்கு வந்தார். தோளில் சிவப்புக் கிட்டார். கையில், தலைவரிடம் கெஞ்சி இரவல் வாங்கின கறுப்புக் கிட்டார், உள்ளே வெல்வெட் வைத்த பெட்டியோடு. ஒருமுறை அதைக் கேட்டுவிட்டால் அத்தானின் மனசு இளகிவிடும் என்று நினைத்திருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

"மாப்ளே, கண்ணால பாத்தா நான் ஏமாந்துருவேன்," என்றார் அப்பா. "நம்ம பூட்டு மாதிரியே செய்வோம். இவன் சுவரப் பாத்து நிக்கட்டும். ரெண்டுலயும் ஒரே பாட்ட வாசி. எது நல்லாருக்குன்னு இவன் சொல்லட்டும். அந்தக் கறுப்பு ஜெயிச்சா நாளைக்கே வாங்கித் தாறேன்."

"சின்னப் புள்ளைட்ட போய்க் கேக்கியளே," என்றாள் அம்மா.

"சின்னப் புள்ளதான் பொய் சொல்லாது."

மாமா தயங்கினார். "அத்தான், ஒரு பாட்டுல அது தெரியாது. நாலஞ்சு பாட்டு கழியணும்…"

"கொள்ளாம்டே! அப்பம் டிக்கெட் போட்டுருவோம், அல்லே?" என்றார் அப்பா.

எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார்.

நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்து நின்றேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மாமாவை ஜெயிக்க வைக்கிற வேலை என் கையில் வந்துவிட்டது. கறுப்புக் கிட்டார் எதுவென்று கேட்டவுடனே தெரிந்துவிடும் என்று நம்பினேன்.

முதலில் ஒன்று கேட்டது. தப்பே இல்லை. ஆனால் வாத்தியார் முன்னால் மனப்பாடம் ஒப்பிக்கிற பையனைப் போல அடி மேல் அடி வைத்து வந்தது. பிறகு இரண்டாவது. அதே பாட்டுதான். அது குழைந்தது, துள்ளியது, நடுவில் ஒரு நொடி வேண்டுமென்றே நின்று பிறகு ஓடியது. பக்கத்து வீட்டு அக்கா கூடவே பாட ஆரம்பித்துவிட்டாள்.

"ரெண்டாவது! ரெண்டாவதுதான் கறுப்பு!" என்று கத்திக்கொண்டே திரும்பினேன்.

மாமாவின் மடியில் சிவப்புக் கிட்டார் இருந்தது.

அப்பாதான் முதலில் கைதட்டினார். "பாத்தியா மாப்ளே! வித்தை உன் கையிலல்லா இருக்கு, பெட்டியிலயா இருக்கு? இந்தக் கை இருக்கும்போ உனக்கு எதுக்குடே புதுசு?" எல்லோரும் தட்டினார்கள். அது மாமாவைப் புகழ்ந்த கைதட்டல். அதனாலேயே அவரால் ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்ல முடியவில்லை.

"நல்லாச் சொன்னேடே," என்று மாமா என் தலையைத் தொட்டார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. வேறு எங்கெங்கோ பார்த்தேன். மேஜையில் அவருடைய வாட்சும் மோதிரமும் கழற்றி வைத்தபடி கிடந்தன. நாற்காலியில் அவருடைய தோர்த்துத் துண்டு விரித்திருந்தது. அதன்மேல் கறுப்புக் கிட்டார். அந்தத் துண்டாலேயே கிட்டாரை இரண்டு பக்கமும் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தார். பிறகு மோதிரத்தைப் போட்டுக்கொண்டார். சிவப்பை அப்படியே தோளில் மாட்டிக்கொண்டு போனார்.

அந்த வருஷ உற்சவத்தில் மேடையில் வேறு ஒரு பையன் நின்றான். மாமா கீழே ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு நடுவில் வயர் சுற்றிக்கொண்டிருந்தார். அப்பா கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "கிட்டார் விலை கூடினதுதான். ஆனா உங்க மாமன் கை மாதிரி வரல்ல, கேட்டியா," என்றார். நிஜமாகவே வருத்தப்பட்டுத்தான் சொன்னார். மாமா எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினார். நான் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

என் காது சரியில்லாததால்தான் மாமா கீழே நிற்கிறார் என்று நினைத்தேன். அதன்பிறகு ரொம்ப காலம், யார் பாடினாலும் நன்றாக இருக்கிறது என்று நான் வாய் திறந்து சொன்னதில்லை.

என் காதில் ஒரு கோளாறும் இல்லை என்பது பெரியவனான பிறகுதான் புரிந்தது. அன்று நான் கேட்டது சரிதான். இரவல் பொருளில் ஒரு கீறல் விழுந்துவிடக் கூடாதே என்று வாட்சைக் கழற்றி, மோதிரத்தைக் கழற்றி, வயிற்றுக்கும் கிட்டாருக்கும் நடுவே துண்டை மடித்து வைத்துக்கொண்டு மாமா பயந்து பயந்து வாசித்தார். அந்தப் பயம்தான் எனக்குக் கேட்டது. அந்தக் கறுப்புக் கிட்டார் அவருடையதாகவே இருந்திருந்தால் எப்படிப் பாடியிருக்கும் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

சுவரைப் பார்த்து நின்றவனுக்கு அது தெரிய வழியில்லை. ஆனால் நான் திரும்பிவிட்டேன். துண்டைப் பார்த்தேன், மோதிரத்தைப் பார்த்தேன். அப்போதும் தெரியவில்லை.