பின்னாலிருந்து வரவேண்டிய குரல்

போன வாரம் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் ஒரு கண்டக்டர், "கல்லணை, கல்லணை, கல்லணை!" என்று கத்தினார். நான் போகவேண்டியது ஜீயபுரம். ஆனாலும் சட்டென்று என் முட்டி மடங்கி, வலது கை பின்னால் போய்த் துழாவியது. அகப்பட்டது ஒரு பெரியவரின் பை. "என்னம்மா வேணும்?" என்றார். பாஸ்கெட்பால் என்றா சொல்வது, நாற்பது தாண்டிய வயதில், கையில் முருங்கைக்காய்க் கட்டோடு? இடது முட்டி வீடு வரைக்கும் வலித்தது.

திருச்சியில் ஒரு பெண்கள் கல்லூரியில் படித்தபோது நான் டீமில் ஆடினேன். கூடை போடுகிறவள் இல்லை, போட வருகிறவளைத் தடுக்கிறவள். பேப்பரில் படம் வருவது போடுகிறவளுக்கு. தடுக்கிறவளுக்கு வருவது தொடைவலி. ஆனால் எனக்கு அது வெறும் விளையாட்டு இல்லை. அப்பாவுக்குக் குத்தகை நிலத்தில் வாழை. பல்கலைக்கழக டீமில் என் பெயர் வந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்கு மனுப் போடலாம். வராவிட்டால் பரீட்சை முடிந்த கையோடு கல்யாணம். மாப்பிள்ளையைக்கூடப் பார்த்து வைத்திருந்தார்கள்.

பி.டி. மிஸ் அரியமங்கலத்திலிருந்து மொபெட்டில் வருவார். பாதி நேரம் பந்தைத் தொடவே விடமாட்டார். இல்லாத நாற்காலியில் உட்கார்ந்தபடி பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே இருக்கவேண்டும். நான் குள்ளம். அப்படி நகரும்போது வாத்து மாதிரி இருப்பேன்.

"வாத்தா இருந்துட்டுப் போ. அவ இடுப்பைப் பாரு. கண்ணு ஏமாத்தும், பந்து ஏமாத்தும். இடுப்பு போற பக்கந்தான் ஆள் போகும்" என்பார் மிஸ்.

இன்றைக்கும் பஸ்ஸில் முண்டியடிக்கும்போது நான் இடுப்புகளைத்தான் பார்க்கிறேன். சீட் கிடைத்துவிடுகிறது. அந்த விளையாட்டால் எனக்குக் கிடைத்த லாபம் அவ்வளவுதான்.

எதிராளியின் இடுப்பைப் பார்த்துக்கொண்டு நகர்கிறவளுக்கு முதுகுப் பக்கம் தெரியாது. அவர்கள் டீமில் இன்னொருத்தி ஓசைப்படாமல் வந்து வழியில் சுவர் மாதிரி நின்றுகொள்வாள். ஆட்டத்தில் அதற்கு இடம் உண்டு. நாம் போய் மோதிக்கொள்ளவேண்டியதுதான். அதனால் நம் கூடைக்கு அடியில் நிற்கிறவள்தான் மற்றவர்களுக்குக் கண். அவள் பார்த்துக் கத்தவேண்டும். எதிராளிக்குப் புரியாமலிருக்க மிஸ் பஸ் போகிற ஊர்களை வார்த்தையாக வைத்திருந்தார். ஜங்ஷன் என்றால் பந்து வைத்திருப்பவளை இரண்டு பேராக நெருக்கு. சத்திரம் என்றால் எல்லோரும் கூடைக்கடியில் கூடு. கல்லணை என்றால் உன் பின்னால் சுவர் நிற்கிறது, முட்டியை மடக்கிக் கையால் துழாவி விலகிப் போ.

கூடைக்கடியில் நின்றவள் கோதை. ஸ்ரீரங்கத்துப் பெண், அப்பாவுக்குக் கோயில் கைங்கர்யம். டீமிலேயே உயரம் அவள்தான். குரல் மட்டும் கொசு.

"பாசுரம் பாடுற வீடுதானேடி, அந்த மாதிரி வாயைத் தொறந்து சொல்லேன்" என்றார் மிஸ்.

"கோஷ்டியில பாசுரம் சேவிக்கறது புருஷாதான் மிஸ். நாங்க பின்னாடி நின்னு கேப்போம்."

"இங்கயும் பின்னாடிதான் நிக்கிற. கேக்காத, கத்து."

கத்தினாள். முதலில் இருமல் மாதிரி வந்தது. மழைக்காலம் முடிவதற்குள் கல்லூரி கேட் வரைக்கும் கேட்டது. வாட்ச்மேன் அங்கிருந்தே, "கல்லணைக்கு ஒரு டிக்கெட் குடும்மா" என்பார். அந்தக் குரல் பின்னால் இருந்தால் எனக்குத் திரும்பிப் பார்க்கவே தோன்றாது. கண்ணை மூடிக்கொண்டுகூடப் பின்னால் போவேன்.

அந்த வருடம் கல்லூரிகளுக்கிடையிலான இறுதிப் போட்டி எங்கள் மைதானத்திலேயே நடந்தது. பல்கலைக்கழகத்துக்கு ஆள் எடுக்கிறவர்கள் வருகிறார்கள் என்றார்கள். முதல் நாள் பிரின்சிபால் மிஸ்ஸைக் கூப்பிட்டனுப்பினார். திரும்பி வந்தபோது மிஸ் முகம் செத்திருந்தது. அவர் வேலை நிரந்தரமில்லை, வருடா வருடம் நீட்டிக்கவேண்டும்.

"நாளைக்கு யாரும் கத்தக் கூடாது. சீஃப் கெஸ்ட் வர்றாங்க. பொண்ணுங்க மீன் மார்க்கெட் மாதிரி கத்துதுன்னு போன மேட்சுக்கே பேச்சாம். கண்ணாலயே பேசிக்குங்க."

"எனக்கு முதுகுல கண்ணு இருக்கா மிஸ்?"

"வாயை மூடு."

மூடினோம். மறுநாள் ஐந்து ஊமைகள் ஆடினோம். முதல் பாதியில் எப்படியோ தப்பித்தோம். அதற்குப் பிறகு நான் அவர்களுடைய வேகக்காரி ஒருத்தியைத் துரத்திப் பக்கவாட்டில் ஓடினேன். அவள் என்னைச் சுவரிடம்தான் கூட்டிக்கொண்டு போகிறாள் என்று எனக்குத் தெரியாது. கோதைக்குத் தெரிந்தது. வாயைத் திறந்தாள். சீஃப் கெஸ்ட் உட்கார்ந்திருந்த மேடைப் பக்கம் பார்த்தாள். மூடிக்கொண்டாள். நேராகப் போய் மோதினேன். உடம்பு நின்றது, முட்டி நிற்கவில்லை. பச்சை வாழைமட்டை முறிகிற சத்தம். அதை ஊரில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன், என் காலுக்குள்ளிருந்து கேட்டதில்லை.

மிஸ் ஓடிவந்தார். என்னைத் தொடுவதற்கு முன்னால் கோதையைப் பார்த்து, "கத்தித் தொலைச்சிருக்கலாமேடி!" என்றார்.

"நீங்கதானே மிஸ் வேண்டாம்னேள்" என்று கோதை அழுதாள்.

கோதை மேல் எனக்குக் கோபம் இல்லை. மிஸ் மேல் இருக்கிறது, இன்னமும். கத்தினால்தான் ஆள் பிழைக்கும் என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, கத்தாதே என்று ஒருவர் சொன்னதும் தலையாட்டிவிட்டு வந்தவர் அவர். பிழைப்புக்காகத்தான், தெரியும். அந்த வருடக் கடைசியில் அவரையும் அனுப்பிவிட்டார்கள். பயந்ததற்குப் பலன் அதுதான். பிரின்சிபாலோ, "ஐஸ் வைங்க, சரியாப் போயிடும்" என்று சொல்லிவிட்டுப் பரிசு கொடுக்கப் போய்விட்டார்.

ஆபரேஷன் செய்யவேண்டும் என்றார் டாக்டர். கல்யாணத்துக்குச் சேர்த்ததில் கை வைக்க அப்பாவுக்கு மனமில்லை. பல்கலைக்கழக டீமில் வேறு பெயர் வந்தது. நான் நொண்டி நொண்டி மணவறையைச் சுற்றினேன். இப்போது ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் நாள் முழுக்க நிற்கிறேன். உட்கார்ந்தால் சூப்பர்வைசர் முறைப்பார்.

அந்த மைதானம் இப்போது இல்லை. கூடைக் கம்பங்களை அறுத்து எடுத்துவிட்டுக் கார் நிறுத்தத் தகரக் கொட்டகை போட்டிருக்கிறார்கள். டீமும் இல்லை. அது போகட்டும், சிமெண்ட்டுத் தரைதானே. போன தீபாவளிக்குக் கோதைக்கு போன் செய்தேன். சென்னையில் கூட்டுக் குடும்பம். வாட்ச்மேன் டிக்கெட் கேட்டதைச் சொன்னேன். சிரித்தாளா, மூச்சு விட்டாளா, தெரியவில்லை. ஏதோ சொன்னாள், அதுவும் காதில் விழவில்லை.

"சத்தமாப் பேசுடி."

"ஆத்துல எல்லாரும் இருக்காடி" என்றாள். அதையே நான் இரண்டு தடவை கேட்டுத்தான் புரிந்துகொண்டேன்.