இருநூத்தி அறுபத்தஞ்சாம் பிரிவு

எங்க வூட்டுக்காரர் லோகநாதன் ஹார்பர்ல கிரேன் ஓட்றாரு. வசூல்னு யார் வந்தாலும், "சட்டம் இல்லாம வரி கெடையாது, அரசியல் சாசனம் இருநூத்தி அறுபத்தஞ்சாம் பிரிவு"ன்னு வாசல்லயே திருப்பி அனுப்பிடுவாரு. கட்சிக்காரன் மாநாட்டுக்குக் காசு கேட்டு வந்து திரும்பிப் போனப்போ எனக்கும் பெருமையாதான் இருந்துச்சு.

ஆனா எங்க ஹவுசிங் போர்டு பிளாக்கு தண்ணி மோட்டாரு எரிஞ்சுபோய், ரிப்பேருக்குக் காசு கேட்டுகினு எதிர்வூட்டு சுஜா வந்தப்பவும் அதே பாட்டுதான். "இது வரி இல்லண்ணா, நம்ம தண்ணி"ன்னு சொன்னா. "வசூல்னா சட்டம் வேணும்மா"ன்னாரு. அதைக் கேட்டு மத்த வூட்டுலயும் கைய விரிச்சிட்டாங்க.

ஒரு வாரமா மூணு மாடிக்கு நான்தான் கொடம் தூக்கிகினு கீறேன். இன்னிக்குக் காலி கொடத்தை அவர் முன்னால வெச்சு, "பொண்டாட்டிதான் தண்ணி தூக்கணும்னு எந்தப் பிரிவுல கீது"ன்னு கேட்டேன்.

மனுசன் சாசனத்தைப் பொரட்டிகினு கீறாரு. இன்னும் குளிக்கல.