இருப்புக்கொள்ளாத கணக்கு டீச்சர்

யாழினியின் அப்பா நாச்சிமுத்து ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிக்கு டிரைவர். எலச்சிபாளையத்துக்குப் பக்கத்தில், மரவள்ளிக் காட்டை ஒட்டினாற்போல் அவர்கள் வீடு. மழைக்காலம் முடிந்ததும் திருச்செங்கோட்டிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு சத்தீஸ்கருக்கோ மத்தியப் பிரதேசத்துக்கோ போர் போடக் கிளம்பிவிடுவார். திரும்பி வரும்போது அடுத்த மழை பிடித்திருக்கும். அந்தச் சுற்றுவட்டாரத்தில் பாதி வீடுகள் அப்படித்தான். ஆண்கள் ஏன் ஊரில் தங்குவதில்லை என்று யாரும் யாரையும் கேட்டதில்லை. யாழினி வெளிநாட்டுக்குப் போகிறாள் என்றதும்தான் ஊரில் எல்லோருக்கும் கேள்வி கேட்கத் தோன்றியது.

எம்.எஸ்ஸி. கணக்கும் பி.எட்.டும் முடித்த கையோடு நாமக்கல்லில் ஒரு பெரிய உறைவிடப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். விடியும் முன்னே மணி அடிக்கும். பிள்ளைகள் தூக்கக் கலக்கத்தோடு படிப்பு வகுப்புக்கு வந்து உட்காருவார்கள். ஒரே பாடத்தை வகுப்பு வகுப்பாகப் போய் நடத்த வேண்டும், மறுநாள் தேர்வு வைக்க வேண்டும், திருத்த வேண்டும், மறுபடியும் நடத்த வேண்டும். கடைசி வகுப்புக்குப் போகும்போது தன் வாயிலிருந்து வரும் சொற்களே அவளுக்குச் சலித்துப்போகும். மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் பைபாஸ் தெரியும். முட்டை ஏற்றிய லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருக்கும். பிள்ளைகள் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் அவள் அந்த ஜன்னலிலேயே நின்றாள்.

"அந்த ஜன்னல்ல அப்படி என்னதான் இருக்கு?" என்று கேட்டாள் சபீஹா. சேலத்துப் பெண், வேதியியல் எடுப்பவள், ஆசிரியர் விடுதியில் யாழினியின் அறைத்தோழி.

"ஒண்ணுமில்லீங்க. லாரி போகுது."

"லாரியப் பார்த்தே பொழுதை ஓட்டப்போறியா? எங்க பெரியத்தா மக மாலத்தீவுல டீச்சரா இருக்கா. கணக்குக்கு ஆள் கேட்கறாங்களாம். எழுதிப் போடு."

சும்மா சொன்ன பேச்சுதான். யாழினி அன்றைக்கே எழுதிப் போட்டாள். வீடியோவில் நேர்முகம் நடந்தது, வேலையும் கிடைத்துவிட்டது. அம்மா அன்புச்செல்வி விஷயத்தைக் கேட்டதும் அவளோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள். அப்பா சத்தீஸ்கரில் எங்கோ ஒரு காட்டிலிருந்து, கம்ப்ரசர் சத்தத்துக்கு நடுவே, போனில் கத்தினார்.

"நான் பூமிக்குள்ள தண்ணியத் தேடி அலையறேன். நீ தண்ணிக்கு நடுவுல போயி உக்காரப் போறியா சாமி?"

"போகட்டுங்களாப்பா?"

"போறதுன்னா போ. கடலுக்குள்ள மட்டும் எறங்காத."

அவள் போய் இறங்கிய தீவு, ஒரு உலை சோறு வேகிற நேரத்துக்குள் சுற்றி வந்துவிடக்கூடியது. ஒரு பள்ளிவாசல், ஒரு பள்ளிக்கூடம், நாலைந்து கடை, மற்றதெல்லாம் வீடும் தென்னையும். வகுப்பில் பிள்ளைகள் எண்ணிக்கை நாமக்கல்லில் ஒரு பெஞ்சில் உட்காருகிறவர்களைவிடக் கொஞ்சம்தான் கூட. அவர்களுக்குப் புரியவில்லையென்றால் எழுத மாட்டார்கள். பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

முதல் மாதத்தில் ஷைமா என்ற பெண் எழுந்து நின்று, கழித்தலைக் கழித்தலால் பெருக்கினால் ஏன் கூட்டல் வருகிறது என்று கேட்டாள். அது விதி என்றாள் யாழினி. யார் போட்ட விதி என்றாள் அந்தப் பெண். யாழினிக்குப் பதில் தெரியவில்லை. எத்தனையோ பேரை அந்த விதியை மனப்பாடம் செய்யவைத்து நூற்றுக்கு நூறு வாங்கவைத்திருக்கிறாள்; ஒருவர்கூடக் கேட்டதில்லை, கேட்க நேரமும் இருந்ததில்லை. அன்று மாலை முழுக்கக் கரையில் நடந்தபடியே யோசித்தாள்.

மறுநாள் வகுப்பைப் படகுத்துறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். "துறைதான் பூஜ்யம். கிழக்கே போனால் கூட்டல், மேற்கே போனால் கழித்தல். அதோ, இப்போது துறையைத் தாண்டும் அந்தப் படகு மேற்கே போய்க்கொண்டிருக்கிறது. கொஞ்ச நேரம் முன்னால் அது எங்கே இருந்திருக்கும்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். பிள்ளைகள் எல்லோரும் ஒன்றாகக் கிழக்கே கையை நீட்டினார்கள். மேற்கே போவது ஒரு கழித்தல், காலத்தில் பின்னால் போவது இன்னொரு கழித்தல், வந்து நிற்பதோ கூட்டல் பக்கம். ஷைமா தலையை ஆட்டிவிட்டு எழுதிக்கொண்டாள். தான் டீச்சர் ஆனது அன்றைக்குத்தான் என்று யாழினி பிற்பாடு சபீஹாவிடம் சொன்னாள்.

அந்தச் சந்தோஷம் ஒரு வருஷம் தாங்கியது. இரண்டாம் வருஷம் தீவு சுருங்கத் தொடங்கிவிட்டது. சாயங்காலம் நடக்கக் கிளம்பினால் வீட்டுவாசலில் கயிற்று நாற்காலியில் சாய்ந்திருக்கும் பெண்கள், "எங்கே போகிறாய்?" என்று சிரிப்பார்கள். எங்கே போக முடியும்? சுற்றி வந்தால் மறுபடி அவர்கள் முன்னால்தான் வந்து நிற்க வேண்டும். நல்ல மனிதர்கள், மீன் பொரித்தால் அவளுக்கும் ஒரு தட்டு கொடுத்தனுப்புகிறவர்கள். ஆனாலும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாமக்கல் ஜன்னலில் பிடித்திருந்த அதே வியாதி. அந்த ஜன்னலில் லாரியாவது தெரிந்தது.

விடுமுறைக்கு இலங்கை போனாள். மலை ரயிலில் கதவோரம் நின்றபடியே ஒரு பகல் முழுக்கப் பயணம் செய்தாள். அடுத்த விடுமுறைக்கு வியட்நாம். ஹைஃபோங் நகரத்தில் ரோட்டைக் கடக்கப் பயந்து நின்றவளை ஒரு காய்கறிக்காரம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிள் வெள்ளத்துக்குள் நடந்து போனாள். அக்கரை சேர்ந்ததும் இந்த ஊரில்தான் இனி என்று யாழினி முடிவு செய்துவிட்டாள். மாலத்தீவு ஒப்பந்தம் முடிந்ததும் ஹைஃபோங்கிலேயே ஒரு ஆங்கிலப் பயிற்சி நிலையத்தில் வேலை தேடிக்கொண்டாள்.

அங்கே பட்ட அடி வேறு மாதிரி. பெற்றோர்கள் வந்து பார்க்கும் நாளில் மேலாளர் அவளைப் பின்னறையில் உட்காரச் சொன்னார். முன்னறையில், ஊர் சுற்ற வந்த வெள்ளைக்கார இளைஞன் ஒருவன் அவளுடைய வகுப்பை நடத்தினான். அவன் எந்த வகுப்பும் எடுத்ததில்லை என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். "பெற்றோர் எதிர்பார்ப்பு அப்படி. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்" என்றார் மேலாளர். யாழினி பின்னறையில் சற்று நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு, முன்னறை வழியாகவே, பெற்றோர்களைக் கடந்து வெளியே போனாள். "கோ யாழினி" என்று ஒரு பிள்ளை கூப்பிட்டது. கோ என்றால் டீச்சர். அவள் திரும்பிப் பார்த்துக் கையசைத்துவிட்டுப் படியிறங்கினாள். பின்னறையில் உட்கார்ந்திருந்த அந்தச் சற்று நேரம்தான் நெடுநாள் அவளை உறுத்திக்கொண்டிருந்தது.

வேலையில்லாத அந்த நாட்களில் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினாள். ஊரில் ஸ்கூட்டியில் பக்கத்து வையப்பமலை வரை போவதற்கே ஆயிரம் கேள்வி. இங்கே ஒருவரும் கேட்கவில்லை. வடக்கே மலை மலையாக ஏறினாள். ஒரு ஊரில் ஒரு பகல் தங்கினால் அடுத்த ஊர் எப்படி இருக்குமோ என்று மனசு பிய்த்தெடுக்கும். கடைசியில் ஒரு வளைவில் சரளைக் கல்லில் சறுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. அருகில் மக்காச்சோளம் காயப்போட்டுக்கொண்டிருந்த குடும்பம் அவளைத் தூக்கிப் போய்ச் சுகாதார நிலையத்தில் சேர்த்தது.

கட்டுப் போட்ட கையை மறைத்துக்கொண்டு அம்மாவிடம் வீடியோவில் பேசினாள்.

"ஏன் அம்மணி, அந்தக் கை எங்க?" என்றாள் அன்புச்செல்வி.

"எந்தக் கைம்மா?"

"பேசறப்ப ரெண்டு கையையும் ஆட்டாம உன்னால பேச முடியாதே. எங்க, காட்டு."

காட்டினாள். அம்மா அழவில்லை. "ஊடு வந்து சேரு" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

கை கூடும் வரை ஊரில் இருப்பது என்று வந்தாள். முதுகுவலியால் அப்பா அதற்கு முந்தின வருஷமே ரிக்கை விட்டிருந்தார். அவராலும் வீட்டில் உட்கார முடியவில்லை. காலையில் டீ குடிக்க என்று திருச்செங்கோடு வரை பஸ்ஸில் போய்வருவார். மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு வேறு ஏதாவது சாக்கு சொல்லி மறுபடி கிளம்புவார். யாழினி அவரிடம், இத்தனை வருஷம் சுற்றின ஊர்களில் எது பிடித்தது என்று கேட்டாள்.

"எதச் சொல்றது? இந்தப் பாயிண்ட்ல போர் போட்டு முடிஞ்சா அந்தப் பாயிண்ட். கல்லும் புழுதியுந்தான் பாத்தேன். நீ போன ஊரப் பத்திச் சொல்லு."

அவள் சொல்லச் சொல்ல அவர் சின்னப்பிள்ளைபோல் மேலே மேலே கேட்டார்.

அம்மா மாப்பிள்ளை பார்த்தாள். கந்தவேல், சொந்த ரிக் வைத்திருக்கும் குடும்பம், தான்சானியாவில் வண்டி ஓடுகிறது. பெண் பார்க்க வந்த அன்று இருவரையும் தனியே பேசச் சொன்னார்கள். மரியாதையான ஆள்தான்.

"வருசத்துல எட்டு மாசம் நான் வெளியதானுங்க. நீங்க அம்மாகூட ஊட்ல இருந்தாப் போதும்."

"நானும் அங்க வாரேன்னா? அங்க டவுன்ல பள்ளிக்கூடம் இருக்குமில்லீங்க."

அவன் யோசித்தான். "இருக்குதுங்க. ஆனா அம்மா தனியா இருக்காங்க. அவங்களை யாரு பாக்கறது?"

பொய் சொல்லாமல் பேசினான் என்பது அவளுக்குப் பிடித்திருந்தது. அதனாலேயே அவளும் நேராகச் சொன்னாள். "எட்டு மாசம் வாசலப் பாத்துட்டு உக்கார என்னால முடியாதுங்க. வேற நல்ல எடமாப் பாருங்க."

அவர்கள் போன பிறகு சமையலறையில் பாத்திரம் உருளும் சத்தம் பலமாகக் கேட்டது.

"நல்ல பையன்மா. எனக்குத்தான் ஒத்து வராது" என்றாள் யாழினி.

"உனக்கு என்னதான் ஒத்து வரும்? உங்கப்பனுக்கும் வெளிய போகத் தெரியும், உனக்கும் தெரியும். இந்த ஊட்டக் கட்டிக்கிட்டு உக்காரத் தெரிஞ்சவ நான் ஒருத்திதானா? என்ன ஏதுன்னு ஒரு நா கேட்டிருக்கீங்களா ரெண்டு பேரும்?"

கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்த அப்பா எழுந்து வெளியே போனார். அம்மா ரயிலிலேகூட ஒரே ஒரு தடவை, கோயிலுக்குப் போக, ஏறியிருக்கிறாள் என்பது அப்போதுதான் யாழினிக்கு உறைத்தது. உலகத்தில் எந்த ஊர் பெயரைக் கேட்டாலும் போகத் துடித்தவளுக்கு, அம்மாவுக்கு எங்கே போக ஆசை என்று கேட்கத் தோன்றியதே இல்லை.

அடுத்த வாரமே சேலத்துக்குக் கூட்டிப்போய்ப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தாள். "எனக்கெதுக்குடி இதெல்லாம்?" என்று சொல்லிக்கொண்டே அன்புச்செல்வி போட்டோவுக்குத் தலையைப் படிய வாரிக்கொண்டு நின்றாள்.

கை சரியானதும் யாழினிக்குத் தாய் நுயென் என்ற ஊரில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே, ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேலை கிடைத்தது. இந்த முறை கேட்க வேண்டியதை முன்கூட்டியே கேட்டாள்: வகுப்பை யார் நடத்துவார்கள், போஸ்டரில் யார் படம் போடுவார்கள் என்று. தலைமையாசிரியை சிரித்து, நடத்துகிறவர் படம்தான் என்றார். வேலையில் சேர்ந்து கொஞ்ச நாளில் அம்மாவையும் மூன்று மாத விசாவில் வரவழைத்தாள்.

நடந்தது அவள் எதிர்பாராதது. விமானத்தில் வாந்தி எடுத்து, வந்த அன்று அழுத அன்புச்செல்வி, ஒரே வாரத்தில் தனியாகச் சந்தைக்குப் போகத் தொடங்கினாள். மொழி தெரியாது. மரவள்ளிக் கிழங்கைக் கண்டதும் குந்தி உட்கார்ந்துவிட்டாளாம். கிழங்கு விற்ற பெண்ணும் அவளும் விரலைக் காட்டிக் காட்டிப் பேசிச் சிநேகமாகிவிட்டார்கள். யாழினி பள்ளிவிட்டுச் சந்தைப் பக்கம் போனால், அம்மா அங்கே ஒரு சின்ன பிளாஸ்டிக் முக்காலியில் டீயோடு உட்கார்ந்திருப்பாள். அவசரமே இல்லை. எழுந்து வா என்றால், "இருடி, போலாம்" என்பாள்.

அம்மா அப்படி உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போது யாழினிக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. வந்த இடத்தில் அவளால் ஒருநாளும் அப்படி உட்கார முடிந்ததில்லை. அன்றாடம் போனில் எந்த நாட்டில் கணக்கு டீச்சர் வேலை இருக்கிறது என்று தேடுவது அவளுக்குப் பழக்கமாகவே போய்விட்டிருந்தது.

ஊரில் நாச்சிமுத்து தனியாக இருந்தார். சோற்றைக் குழைய விட்டுவிட்டேன், ரசத்துக்குப் புளி எவ்வளவு என்று தினமும் போன்.

"எப்பத்தான் வார?" என்றார் ஒருநாள்.

"விசா முடியட்டுங்க" என்றாள் அன்புச்செல்வி. "நானென்ன எட்டு மாசமா போயிட்டேன்?"

"அதுவும் சரிதான்" என்று வைத்துவிட்டார்.

விசா முடிந்து அம்மா திரும்பிப் போனாள். யாழினி இப்போது அங்கே மூன்றாவது வருஷம். வேலைக்கென்று போன ஊர்களில் அவள் ஓரிடத்தில் இத்தனை நாள் இருந்ததே இல்லை. ஆனால் அடங்கிவிட்டாள் என்று சொல்ல முடியாது. வகுப்பு நன்றாகப் போகிறது. பிள்ளைகள் கேள்வி கேட்கிறார்கள். தெரியாததற்குத் தெரியாது என்று சொல்ல அவளுக்குக் கூச்சமில்லை. ஆனாலும் தேர்வு முடிந்து பள்ளி வெறிச்சோடும்போது கால் அரிக்கத் தொடங்கிவிடுகிறது. போன மாதம் ஜார்ஜியாவில் ஒரு பள்ளியிலிருந்து பதில் வந்திருக்கிறது. அவள் இன்னும் சரியென்று சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. அம்மாவிடம் சொன்னபோது அவள் கேட்டது ஒன்றுதான்.

"அங்க குளிராமே. ஸ்வெட்டர் இங்கயே வாங்கிக்கட்டுமா, அங்க வந்து வாங்கிக்கலாமா?"