ஒரு விரல் இடைவெளி

செய்தி வந்தபோது மணி பதினொன்றே கால். அவள் சமையலறையில் ஊறிப்போன பலகையின் ஓரத்தைக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் அடுப்பு வைக்கிற மேடை ஒரு ஒட்டுப்பலகைதான். ஊரில் பாதி வீடுகளுக்குச் சமையல் மேடைக் கல் பதித்தவர் அவள் கணவர். சொந்த வீட்டுக்கு மட்டும் அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிக்கொண்டே வந்தார். தண்ணீர் இறங்கி மூலை உப்பியிருந்தது. சாயங்காலம் வரட்டும், இன்றைக்கு விடுவதில்லை என்று அவள் மனதுக்குள் கறுவிக்கொண்ட நேரத்தில் போன் அடித்தது.

பேசியது அவள் தம்பி. அவள் கணவரோடு கூடவே வேலைக்குப் போகிறவன். "அக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தினான். பின்னால் ஒரு பெண் குரல் யாரையோ தண்ணீர் கொண்டுவரச் சொன்னது.

"மாமா போயிட்டாருக்கா. மாரடைப்பு. ஒரு நொடிதான். கஷ்டமே படல."

அதன்பின் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் அதையே சொன்னார்கள். ஒரு நொடி. நல்ல சாவு. அவளும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அவர் வலியோடு தனியாகக் கிடக்கவில்லை என்ற ஒன்றைத் தவிர அவளுக்குப் பிடித்துக்கொள்ள வேறு எதுவும் இல்லை.

தொழிலில் அவரை 'கோணல்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஆளிடம் ஒரு கோணலும் கிடையாது. எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் செருப்பைக் கழற்றும் முன்பே சுவரை ஒரு கண்ணால் பார்த்து "கோணல்" என்பார், அதில் ஒட்டிக்கொண்ட பெயர். புதிதாக வீடு கட்டியவர்களுக்கு முகம் சுருங்கிப்போகும். "நேரான சுவர் ரெண்டு இடத்துலதாங்க இருக்கு. ஒண்ணு வரைபடத்துல. இன்னொண்ணு மேஸ்திரி வாயில" என்று சமாதானம் சொல்வார். அவள் அப்பா வீட்டுக்கு முதல்முறை வந்தபோதும் வாயை அடக்க முடியாமல் அதைச் சொல்லித் தொலைத்தார். அப்பா அன்று முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை. அடுத்த அறையில் நின்ற அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவரைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்ததற்கு அந்தச் சிரிப்பும் ஒரு காரணம்.

கல் நேராக இருக்கும், சுவர் அப்படி இருக்காது. இரண்டையும் சேர்த்து வைப்பதுதான் அவர் வேலை. மெல்லிய பலகை ஒன்றை மேடையின் அளவுக்கு வைத்துச் சுவரோடு தள்ளுவார். சின்ன மரக்கட்டை ஒன்றைச் சுவரில் அழுத்தி, அதன் மறுபக்கம் பென்சிலைச் சேர்த்துப் பிடித்து, ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை இழுத்துக்கொண்டே போவார். சுவர் எங்கே புடைத்திருக்கிறதோ, எங்கே உள்வாங்கியிருக்கிறதோ, அதெல்லாம் அப்படியே பலகையில் கோடாக இறங்கிவிடும். அந்தக் கோட்டின்படி பட்டறையில் கல்லை வெட்டினால் கல் சுவரோடு போய் ஒட்டிக்கொள்ளும். புதுக் கட்டை ஏதாவது செதுக்கினால், வேலைக்குக் கொண்டுபோகும் முன்பு வீட்டுச் சமையலறைச் சுவரில்தான் ஓட்டிப் பார்ப்பார். சர்ர் என்று ஒரே சீராகக் கேட்கும். காலையில் அவள் தண்ணீர் சுடவைக்கும்போது பின்னால் அந்தச் சத்தம் போய்க்கொண்டிருக்கும்.

நடுவில் கூப்பிட்டால் திரும்ப மாட்டார். "கோடு முடியட்டும்" என்பார். அதுவே வாய்ப்பழக்கமாகி, பேப்பர் படித்துக்கொண்டிருக்கும்போது சாப்பிடக் கூப்பிட்டாலும் கோடு முடியட்டும்தான். "எமன் வந்து நின்னாலும் இதைத்தான் சொல்லுவீங்க" என்று அவள் ஒருமுறை எரிந்து விழுந்தாள். "நிக்கட்டுமே, என்ன இப்போ" என்று பேப்பருக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது.

அவர் போன பிறகும் அந்தச் சத்தம் போகவில்லை. அவள் அடுப்பைப் பற்றவைத்ததும் முதுகுக்குப் பின்னால் சர்ர் என்று தொடங்கும். இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை நிற்காமல் போகும். அவள் திரும்பிப் பார்ப்பதில்லை. பார்த்தால் நின்றுவிடுமோ என்று பயம். அதை அவள் யாரிடமும் சொல்லவும் இல்லை.

அவர் கடைசியாகக் கோடு போட்டதும் இறந்ததும் ஒரு பல் டாக்டர் அம்மாவின் வீட்டில். முன்னறையில் அந்த அம்மா வைத்தியம் பார்ப்பார். கோடு போட்ட அந்தப் பலகை பல நாள் தம்பியின் வண்டியிலேயே கிடந்தது. கடைசியில் மனதைத் திடப்படுத்திக்கொண்டு அவன் கல்லை வெட்டிக் கொண்டுபோய்ப் பதித்தான். அன்று மத்தியானம் அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றான். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. கல் எல்லா இடத்திலும் ஒட்டியிருக்கிறது, ஜன்னலுக்குக் கீழே மட்டும் விரல் நுழைகிற அளவுக்கு இடைவெளி விழுந்துவிட்டது என்றான்.

அவள் காரணம் கேட்டாள்.

"கோடு அங்க உள்ள வளைஞ்சு வந்துருந்துச்சு. நானும் அப்படியே வெட்டிட்டேன். ஆனா செவுரு அங்க சரியாத்தான்க்கா இருக்கு."

வெட்டும்போதே கோட்டில் அந்த வளைவு அவன் கண்ணை உறுத்தியிருக்கிறது. ஆனாலும் அவன் அதைத் திருத்தவில்லை. தொழிலுக்கு வந்த புதிதில் இப்படித்தான் ஒரு வளைவைப் பென்சில் தவறியது என்று நினைத்து நேராக்கி வெட்டினான். சுவர் நிஜமாகவே அங்கே புடைத்திருந்தது. ஒரு முழுக் கல் வீணாகிப்போனது. உன் கண் சொல்வதை வெட்டாதே, கோடு சொல்வதை வெட்டு என்று மாமா அன்று சொன்னதை அவன் அதன்பின் ஒருநாளும் மீறியதில்லை. மாமா கை தவறும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

டாக்டர் அம்மா அவளைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டார். தம்பி வேறு கல் போட்டுத் தருவதாக மறுபடியும் ஆரம்பித்தான். ஓட்டையை அடைப்பதுதான் தன் பிழைப்பே, இதற்குப் போய் ஒரு முழுக் கல்லா என்று அந்த அம்மா சிரிக்கப் பார்த்தார். அவளுடைய முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது.

கறுப்புக் கல். அவள் இடது மூலையில் விரலை வைத்தாள். அங்கேதான் அவர் தொடங்கியிருப்பார். கல்லும் சுவரும் சேருமிடத்தில் நகமும் இறங்கவில்லை. சுவர் புடைத்த இடத்தில் கல் ஒதுங்கிக் கொடுத்தது, சுவர் உள்வாங்கிய இடத்தில் கூடவே போனது. ஜன்னலுக்குக் கீழே வந்ததும் விரல் சட்டென்று உள்ளே இறங்கியது. கை தன் பக்கமாக இழுத்துக்கொண்ட இடம் அது. அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்ட இடம். அவள் சற்று நேரம் விரலை எடுக்கவில்லை.

பிறகு நகர்த்தினாள். இடைவெளி மெல்லக் குறுகி, மூடிக்கொண்டது. அதற்கப்புறம் வலது மூலைவரை கல் மறுபடியும் சுவரோடு ஒட்டியே போயிருந்தது. நகம் இறங்கவில்லை.

வலி வந்தபிறகும் கட்டையைச் சுவரில் மறுபடி பொருத்தி, மூலைவரை இழுத்திருக்கிறார். கூப்பிடு தூரத்தில் ஒரு டாக்டர் இருந்தார். அந்த நேரத்தில் வாசலில் தம்பி வண்டியிலிருந்து மட்டப்பலகையை எடுத்துக்கொண்டிருந்தான்.

"நான் உள்ள வந்தப்போ உக்காந்த மாதிரி சாஞ்சிருந்தாரு" என்றான் தம்பி, தரையைப் பார்த்துக்கொண்டு. "பென்சில் காதுல சொருகியிருந்துச்சுக்கா."

வேலை முடிந்தால்தான் அவர் பென்சிலைக் காதில் செருகுவார். அங்கே நின்ற மூன்று பேரில் அது அக்காவுக்கும் தம்பிக்கும் தெரியும்.

"அப்போ ஒரு நொடி இல்ல" என்றாள் அவள். டாக்டர் அம்மாவைப் பார்த்தாள். "இல்லதானேம்மா?"

"நான் வெறும் பல் டாக்டர்மா" என்று அவர் முணுமுணுத்தார்.

மறுநாள் காலை அவள் அடுப்பைப் பற்றவைத்தாள். பின்னால் சர்ர் என்று தொடங்கியது. பாதிச் சுவரில் நின்றது. அவள் கையில் பாத்திரத்தோடு அப்படியே நின்றாள். கூப்பிடுங்க, இங்கதான் இருக்கேன் என்று வாய்வரை வந்தது. சத்தம் மறுபடியும் தொடங்கி, மூலைக்குப் போய் முடிந்தது. அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். நடுவில் நிற்கும் அந்த இடத்தில் அவளும் வேலையை நிறுத்திவிட்டுக் காத்திருக்கிறாள்.

தம்பி சிலிக்கான் பசையோடு போய் இடது மூலையிலிருந்து கல்லுக்கும் சுவருக்கும் நடுவே பூசிக்கொண்டு வந்தான். ஜன்னல்வரை பூசியவன், மீதிக்கு அப்புறம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டான். டாக்டர் அம்மாவும் திரும்பக் கூப்பிடவில்லை. ஜன்னலுக்குக் கீழே அந்த இடம் இன்னும் பூசப்படாமல் இருக்கிறது.