எர்த்துக்கு ஊற்றாத தண்ணீர்

ஒரு கச்சேரி மேடையில் என் சிநேகிதனுக்கு ஷாக் அடித்தது. தவறு என்னுடையது. பழியை மைக்செட் அண்ணாச்சி மேல் போட்டேன். அவர் தொழிலையும் ஊரையும் விட்டுப் போனார். ஐம்பது வருடம் நான் வாயைத் திறக்கவில்லை.

அப்போது நான் கல்லூரியில் பிசிக்ஸ் படித்துக்கொண்டிருந்தேன். சங்கரன்கோவிலில் என் வயதுப் பையன்கள் ஐந்து பேர் ராக் குழு தொடங்கியிருந்தார்கள். பாடுபவனும் கிட்டார் வாசிப்பவனும் ஒருவனே. அவன்தான் என் சிநேகிதன். முதல் பெரிய கச்சேரிக்கு வயர் இழுக்க, பெட்டி தூக்க நானும் போனேன்.

மைக்செட் அண்ணாச்சி மேடைக்குப் பின்னால் ஓர் இரும்புக் கம்பியை மண்ணில் அடித்து, அதிலிருந்து ஆம்ப்ளிபையருக்கு ஒரு வயர் கொடுத்திருந்தார். அதுதான் எர்த்; கசியும் மின்சாரம் ஆளைத் தாக்காமல் அதன் வழியே மண்ணுக்குள் போய்விடும். எங்கள் பக்கத்துக் கரிசல் மண் கோடையில் வெடித்துவிடும். கம்பி மண்ணைத் தொட்டும் தொடாமலும் நிற்கும். அதனால் கச்சேரிக்கு முன் கம்பியடியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றியாக வேண்டும்.

“தம்பி, எர்த்துக்குத் தண்ணி ஊத்திருங்க. நான் லவுட்ஸ்பீக்கர் கட்டப் போறேன்” என்றார்.

“என்ன அண்ணாச்சி, புத்துக்குப் பாலா ஊத்துதிய?” என்று கேட்டேன். அங்கே எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை; அவரே சிரித்துவிட்டார். புற்று மண்ணை நெற்றியில் பூசும் ஊரில் அது எடுபடுகிற கேலி.

ஈர மண்ணில்தான் மின்சாரம் இறங்கும் என்று படித்தவன் நான். இருந்தும் முன்வரிசையில் போய் உட்காரும் அவசரத்தில் கம்பிக்கு ஊற்றாமல், குடத்தில் வைத்திருந்த அந்தத் தண்ணீரில் முகம் கழுவித் தலை சீவிக்கொண்டேன்.

இரண்டாவது பாட்டில் அவன் உதடு மைக்கைத் தொட்டது. கை கிட்டார் கம்பியில் இருந்தது. ஒரு சத்தமும் இல்லை. மரப்பலகை சாய்வது போல மேடையிலிருந்து கீழே விழுந்தான். இடது மணிக்கட்டு முறிந்தது. இரண்டு விரல்கள் மடங்கியவை மடங்கியவைதான்.

கூட்டம் அண்ணாச்சியைச் சுற்றிக்கொண்டது. “எர்த்துக்குத் தண்ணி ஊத்தினீராவே?” என்று ஒருவர் அவர் சட்டையைப் பிடித்தார். அவர் என்னைப் பார்த்தார். “அண்ணாச்சி எங்கிட்ட ஒண்ணும் சொல்லலயே” என்றேன்.

குழு நிற்கவில்லை. மிஞ்சிய விரல்களால் வாசிக்கப் பழகி, அவன் ஊர் ஊராகப் பாடினான். ஏதாவது சாக்குச் சொல்லி நான் ஒரு கச்சேரிக்கும் போனதில்லை. இந்த வருடம் போனில் அழைத்தான். “ஏலே, இனி எத்தன தடவ பாடப் போறேன்? நம்ம ஊர்லலா நடக்கு, வந்து சேரு.”

போனேன். சாயங்காலம் ஐந்து மணிக்குத் தூறல் விழுந்தது. மேடைப் பலகை நனைந்து மினுங்கியது. ஒலி அமைப்பவரிடம் எர்த் போட்டாச்சா என்று மூன்று முறை கேட்டேன். “கரண்டு லீக் ஆனா டக்குனு டிரிப் ஆகித் தானா நின்னுரும் அண்ணாச்சி. ஒங்களத்தான் இப்ப யாராவது புடிச்சு உக்கார வைக்கணும்” என்றார் அவர்.

நரைத்த தலைகளோடு ஐந்து பேர் ஏறினார்கள். முதல் அடியிலேயே டிரம்ஸ் என் நெஞ்சுக்குள் விழுந்தது. பாட்டு ஒன்றும் என் காதில் ஏறவில்லை. அவன் உதட்டுக்கும் மைக்குக்கும் நடுவில் இருந்த அந்த ஓர் அங்குலத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் குனியும்போதெல்லாம் நாற்காலியின் கையை இறுக்கினேன். ஒரு தடவை உதடு பட்டேவிட்டது. எழுந்து நின்றுவிட்டேன். பின்னாலிருந்து ஓர் அம்மா, “உக்காருங்கய்யா, மறைக்கில்லா” என்றார்.

மூன்று பாட்டு முடிந்ததும் அவன் மைக்கைத் தட்டினான். “இதே ஊர்ல ஒரு மைக்கு எனக்கு முத்தம் குடுத்துச்சு. எர்த்துக்குத் தண்ணி ஊத்த மறந்த மைக்செட் அண்ணாச்சி எங்கன இருந்தாலும் நல்லா இருக்கட்டும். மேடைப் பக்கம் மட்டும் வந்துராதிய!”

ஊரே சிரித்தது. பக்கத்தில் இருந்தவர் என் தொடையில் தட்டிச் சிரித்தார். மின்சாரத்தை மறந்துவிட்டேன். அதைவிடப் பெரிய பயம் வந்தது: இப்படியே செத்துப்போவேன், இந்தச் சிரிப்பு எனக்குப் பின்னும் நடக்கும்.

கச்சேரி முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போய் அவனிடம் சொன்னேன். கிட்டாரைத் துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

“ஏலே, அம்பது வருசமா ஒவ்வொரு மேடையிலயும் அந்த மனுசனக் கேலி பண்ணிருக்கேனேலே.”

நான் மன்னிப்புக் கேட்டேன்.

“எங்கிட்ட எதுக்குக் கேக்க? அவரு திருவேங்கடத்துல மக வீட்ல இருக்காராம். அங்கன போய்க் கேளு.” மடங்கிய விரல்களைப் பார்த்தேன். அவன் கையைத் துண்டுக்குள் இழுத்துக்கொண்டான்.

மறுநாள் காலை டவுன் பஸ்ஸில் பக்கத்து ஊரான திருவேங்கடத்துக்குப் போனேன். வழியில் இரண்டு நிறுத்தங்களில் இறங்கிவிடலாமா என்று நினைத்தேன். எண்பது தாண்டிய அண்ணாச்சி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். யாரென்று சொன்னேன். செய்ததையும் சொன்னேன்.

கட்டில் சட்டத்தைப் பிடித்து முன்னால் சாய்ந்தார். பிறகு, “அப்ப நான் ஒங்ககிட்டச் சொன்னேன்லா?” என்று கேட்டார்.

“சொன்னிய அண்ணாச்சி.”

“மறக்கல?”

“நீங்க மறக்கல.”

அவர் உள்ளே திரும்பி, “ஏட்டி, இங்க வா” என்று மகளைக் கூப்பிட்டார். “இவரு சொல்லுததக் கேளு. இன்னொரு தடவ சொல்லும்வே.”

முதலில் வைத்த மரியாதை அந்த ‘வே’யில் போயிருந்தது. மறுபடி சொன்னேன்.

மகள் என்னை ஏறிட்டுப் பார்த்தார். “நீங்க எல்லாரும் கேட்டுக் கேட்டு, தான்தான் சொல்ல மறந்துட்டோம்னு எங்கப்பா நம்பிட்டாரு. இன்னைக்கு வரைக்கும் வீட்டு சுவிட்சத் தொடமாட்டாரு, தெரியுமா?” தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. கேட்கும் தகுதி எனக்கு இல்லை.

சிநேகிதன் அதன்பிறகு என் போனை எடுப்பதில்லை. போன வாரம் யாரோ அவனுடைய கச்சேரி வீடியோ ஒன்றை எனக்கு அனுப்பினார்கள். ராஜபாளையம் பக்கம் ஏதோ மேடை. மூன்று பாட்டு முடிந்து மைக்கைத் தட்டுகிறான். “மைக்செட் அண்ணாச்சி சொல்லித்தான் இருக்காரு. எர்த்துக்கு வச்ச தண்ணியில மூஞ்சி கழுவிட்டு முன்னால வந்து உக்காந்தான் ஒரு பிசிக்ஸ்காரன்!”

கூட்டம் முன்னைவிட அதிகமாகச் சிரித்தது. அண்ணாச்சி மகளின் எண்ணை விசாரித்து வீடியோவைத் திருவேங்கடத்துக்கு அனுப்பினேன். மறுநாள் மகளிடமிருந்து ஒரே வரி வந்தது: “அப்பா திரும்பத் திரும்பப் போடச் சொல்லுதாரு.”