டீசல் வண்டிக்குச் சின்னச் சக்கரம்

சேலத்து ஷோரூமுக்கு நாங்கள் மூன்று பேர் போயிருந்தோம். நான், என் கணவர், அவருடைய தம்பி. வண்டியை வாங்கப் போவதும் ஓட்டப் போவதும் நான்தான். ஆனால் விற்பனைப் பிரதிநிதி என்ஜின் பற்றிப் பேசும்போதெல்லாம் என் கொழுந்தனாரைப் பார்த்தே பேசினார். என் பக்கம் திரும்பியபோது சீட்டுத் தோலின் நிறத்தைச் சொன்னார், திறந்து மூடும் கண்ணாடிக் கூரையைக் காட்டினார்.

பள்ளிக்கூடம் படிக்கும்போதே டிராக்டர் ஓட்டியவள் நான். சங்கராபுரம் பக்கத்தில் எங்களுக்குக் கரும்பும் மக்காச்சோளமும். கணவருக்கு முதுகுத் தண்டில் ஆபரேஷன் ஆனதிலிருந்து நிலமும் ஜீப்பும் என் பொறுப்புக்கு வந்துவிட்டன. அந்த ஜீப்பில்தான் சிக்கல். ஒருமுறை அதில் மலைக்குப் போய்விட்டு வந்தவர் படுக்கையை விட்டு எழ வெகு நாளாயிற்று. அதன் பிறகு மலைக்கே போகவில்லை.

மலையில்தான் எங்கள் மகள் இருக்கிறாள். வெள்ளிமலையைத் தாண்டி ஒரு கிராமத்தில் அரசுப் பள்ளி ஆசிரியை. கூட வேலை பார்த்த, அந்த மலையிலேயே பிறந்த பையனைக் கட்டிக்கொண்டாள். கல்யாணத்தை நாங்கள் இருவரும் நின்று நடத்தினோம். மலைச்சாதிப் பையன் என்று சொந்தக்காரர்களில் முக்கால்வாசிப் பேர் வரவில்லை. கொழுந்தனாரும் வரவில்லை. அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கி உட்கார வைத்தவர் அவர்தான். அண்ணன் மேல் உயிர். ஆனால் மலை என்ற பேச்சு வந்தால் எழுந்து போய்விடுவார்.

பைபாஸில் ஒரு சுற்று ஓட்டிக் காட்டுவதாக விற்பனைப் பிரதிநிதி சொன்னார். அதுவும் ஷோரூம் டிரைவர் ஓட்ட, நாங்கள் பின்னால் உட்கார வேண்டுமாம். பைபாஸில் எந்த வண்டியும் வழுக்கிக்கொண்டுதான் போகும் என்றேன். பெட்ரோல் ஒன்று, டீசல் ஒன்று, இரண்டையும் கள்ளக்குறிச்சிக்குக் கொண்டு வாருங்கள், கல்வராயன் மலையில் நான் ஓட்டிப் பார்க்கிறேன் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே கொழுந்தனாரைப் பார்த்தார். கொழுந்தனாரும் சிரித்தார்.

"அண்ணி, அம்மாம் பெரிய வண்டிய மலையில நீங்க ஏத்த முடியாதுங்க. பேசாம பெட்ரோல் எடுத்துடுங்க. சத்தம் கம்மி, வூட்டு வாசல்ல நின்னாலும் ஒரு கௌரவம்."

"வாசல்ல நிக்கிறதுக்கு எனக்கு வண்டி வேணாம் தம்பி" என்று எழுந்துவிட்டேன். என் கணவர் கைத்தடியை ஊன்றி எனக்கு முன்னாலேயே கதவை நோக்கி நடந்துகொண்டிருந்தார். வாசலைத் தாண்டுவதற்குள் மேலாளர் பின்னாலேயே ஓடிவந்து, ஞாயிற்றுக்கிழமை இரண்டு வண்டியும் வரும் என்றார்.

வந்தன. முதலில் பெட்ரோல். கணவரைப் பின் சீட்டில், ஜீப்பில் முதுகுக்கு வைக்கும் தலையணை இல்லாமல் உட்கார வைத்தேன், பக்கத்தில் கொழுந்தனார். என் பக்கத்தில் விற்பனைப் பிரதிநிதி. டிரைவர் டீசல் வண்டியைப் பின்னால் ஓட்டி வந்தார். கச்சிராயபாளையம் வரை அந்தப் பெட்ரோல் வண்டி ஓடுவதே தெரியவில்லை. வேகத்தடையில் ஏறி இறங்கியபோது கண்ணாடியில் கணவரின் முகத்தைப் பார்த்தேன். சுளிக்கவில்லை. கொழுந்தனார் நான் சொன்னேன் பாருங்கள் என்பதுபோல் உட்கார்ந்திருந்தார்.

மலை ஏறத் தொடங்கியதும் குணம் மாறியது. கொண்டை ஊசி வளைவில் வேகத்தைக் குறைத்துத் திரும்பி மறுபடி மிதித்தால், வண்டி ஒரு கணம் யோசித்தது. கியர் தானாக மாறி, பிறகு மாறியது சரியில்லை என்று இன்னொரு கியருக்குப் போய், என்ஜின் கத்தி, அதன் பிறகே இழுத்தது. மூங்கில் ஏற்றிய லாரி ஒன்றின் பின்னால் ஊர்ந்தபோது ஒவ்வொரு வளைவிலும் இதே கதை. முதுகு நோகாவிட்டாலும், முன்னும் பின்னும் ஆடியதில் கணவருக்குக் குமட்டியது. பாதி வழியில் நிறுத்தினோம்.

அங்கேயே டீசலுக்கு மாறினோம். நிற்கும்போது அதன் உறுமல் ஸ்டீயரிங்கில் தெரிந்தது. ஆனால் வளைவில் காலை லேசாக வைத்தால் போதும், கத்தாமல் கனமாக ஏறியது. இதுதான் என்று மனசு சொன்ன நேரத்தில் சாலை பெயர்ந்த இடம் வந்தது. ஒவ்வொரு பள்ளமும் அடியிலிருந்து நேராக முதுகில் அடித்தது. கணவர் ஒரு கையால் மேல் பிடியைப் பிடித்துத் தொங்கினார்.

"பாத்தீங்களா அண்ணி, டீசல்னாலே இப்படித்தான்" என்றார் கொழுந்தனார். விற்பனைப் பிரதிநிதியும் ஆமாம் என்று தலையாட்டினார்.

எனக்கு அது ஒப்பவில்லை. பள்ளத்தில் விழுவது என்ஜின் இல்லையே. வண்டியை ஓரம்கட்டி இறங்கி இரண்டையும் பார்த்தேன். ஒரே கம்பெனி, ஒரே உடம்பு. ஆனால் டீசல் விலை உயர்ந்த ரகம் என்பதால் பெரிய பளபளப்பான சக்கரம், அதைச் சுற்றி வார் மாதிரி மெல்லிய டயர். பெட்ரோலுக்குச் சின்னச் சக்கரம், சதைப்பிடிப்பான டயர். அந்தச் சதைதான் பள்ளத்தை வாங்கிக்கொண்டிருக்கிறது.

டீசலில் சின்னச் சக்கரம் போட்டுத் தருவீர்களா என்று கேட்டேன். அந்த ரகத்துக்குப் பெரிய சக்கரம்தான் வரும், மாற்ற முடியாது என்றார் விற்பனைப் பிரதிநிதி. அப்படியானால் இப்போதே கழற்றி மாற்றிப் பார்க்கலாம் என்றேன். அவர் முகம் வெளிறிவிட்டது. கச்சிராயபாளையத்துக்கு இறங்கி ஒரு டயர் கடை முன்னால் இரண்டு வண்டியையும் நிறுத்தினேன். அவர் மேலாளருக்கு போன் செய்தார். நான் போனை வாங்கி, இன்றைக்கு மாற்றிக் காட்டினால் உங்களிடம் வாங்குவேன், இல்லாவிட்டால் இரண்டையும் திருப்பி ஓட்டிக்கொண்டு போங்கள் என்றேன்.  மேலாளர் சரி என்றார். சக்கரங்கள் இடம் மாறின. பக்கத்து டீக்கடையின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் டீயை மறந்து சுற்றி நின்று பார்த்தது. "இன்னாம்மா, புது வண்டியப் பிரிச்சிக்கினு இருக்கீங்க" என்று ஒருவர் கேட்டார். பிரித்தால்தான் தெரியும் என்றேன்.

மறுபடி ஏறினோம். பெயர்ந்த இடம் வந்தது. திம் திம்மென்று அடங்கிய ஓசை மட்டும் கேட்டது. கணவர் பிடியை விட்டுவிட்டு ஜன்னல் வழியே மலையைப் பார்த்துக்கொண்டு வந்தார். வெள்ளிமலை வந்ததும் விற்பனைப் பிரதிநிதி திரும்பலாமா என்றார். நான் வாய் திறப்பதற்குள் பின்னாலிருந்து என் கணவர் பேசினார்.

"எம் மொவ வூட்டு வாசல் வரைக்கும் ஓட்டிப் பாக்காம நாங்க இன்னாத்துக்கு வண்டி வாங்குறது? போ நீ."

கொழுந்தனார் தன்னை இறக்கிவிடச் சொன்னார், பஸ்ஸில் போய்க்கொள்வதாக. "எறங்கணும்னா எறங்கு. நான் இத்தன நாளு முதுகு நோவுதுன்னு போவாம இருந்தேன். நீ இன்னா நோவுதுன்னு போவாம இருக்கே?" என்றார் கணவர். கொழுந்தனார் இறங்கவில்லை. நான் வண்டியை நிறுத்தவும் இல்லை.

மகள் வீட்டுக்குப் போகும் கடைசிப் பாதை வெறும் மண், செங்குத்து. டீசல் அதில் முனகிக்கொண்டே ஏறியது. எங்களைப் பார்த்ததும் மகள் கையிலிருந்த முறத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். அப்பா கைத்தடி இல்லாமல் இறங்கி நின்றதைப் பார்த்துத்தான் அழுதாள். விற்பனைப் பிரதிநிதி உள்ளே வந்து பாயில் உட்கார்ந்து, மருமகன் கொடுத்த பலாச்சுளைகளைத் தின்றார். கொழுந்தனார் வண்டியிலேயே இருந்தார். மகள் காபியைக் கொண்டுபோய் ஜன்னலில் நீட்டினாள். "சித்தப்பா, சக்கர கம்மியாதான் போட்டிருக்கேன்." அவர் வாங்கிக் குடித்தார். இறங்கவில்லை. அவர் அன்றே மாறிவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான், ஆனால் நடந்தது இவ்வளவுதான்.

பெரிய சக்கரத்தோடுதான் வண்டி வரும் என்று ஷோரூமில் பிறகும் இழுத்தார்கள். அப்படியென்றால் வேண்டாம் என்று நானும் இழுத்தேன். கடைசியில் சின்னச் சக்கரத்தோடு கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

அடுத்து வந்தது தியாகதுருகத்தில் எங்கள் பங்காளி வீட்டுக் கல்யாணம். பத்திரிகையில் எங்கள் இருவர் பெயர் மட்டும் எழுதியிருந்தார்கள். அதற்கு முந்தைய எந்த விசேஷத்துக்கும், மகளைக் கூப்பிடாததால் நாங்களும் போகாமலே இருந்தோம். இந்த முறை போவது என்று முடிவு செய்தேன். முதல் நாளே மலைக்குப் போய் மகளையும் மருமகனையும் ஏற்றிவந்தேன். மண்டபத்து வாசலில், எல்லாரும் பார்க்கும் இடத்தில் நிறுத்தி நால்வரும் இறங்கினோம். வரவேற்பில் நின்றவர்கள் சந்தனத்தை நீட்டலாமா வேண்டாமா என்று ஒருவரையொருவர் பார்த்தார்கள். நானே கிண்ணத்தில் விரலைத் தோய்த்து மருமகன் கையில் வைத்தேன்.

பந்தியில் முன் வரிசையில் உட்கார்ந்தோம். என் கணவர் அந்த இரும்பு நாற்காலியில் முதுகை நிமிர்த்தி, பாயசம் வரும்வரை அசையாமல் இருந்தார். எங்களை எழுந்திருக்கச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.